ஜப்பானியக் கோயில் கூரையின் இறவாணத்தைத் தாங்குவது எது?

மாறன் | செவ்வாய், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரலாற்றுப் பாடத்துக்கு ஆளுக்கொரு பழைய கட்டடத்தின் குறுக்குவெட்டைக் கையால் வரைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்தது ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலின் பெரிய பிரசங்க மண்டபம், தாய்கோதோ. 925-இல் மின்னல் விழுந்து எரிந்துபோன மண்டபத்தை 990-இல் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். படத்தில் கைமரங்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. கீழே ஒரு வரிசை, மெல்லிய சரிவு, வெளியே நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிவது அதுதான். அதற்கு மேலே இன்னொரு வரிசை, நல்ல செங்குத்து, அதன்மேல்தான் ஓடு. நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம். ஒரு கட்டடத்துக்கு எதற்கு இரண்டு கூரை? அப்புறம், சுவரைத் தாண்டி அவ்வளவு தூரம் நீண்டிருக்கும் இறவாணத்தை எது தாங்குகிறது? கீழே தூணே இல்லையே.

தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

நாராவாசி | செவ்வாய், இரவு 10:40

தம்பி, உங்களுக்கு வந்தது சாதாரண மண்டபம் இல்லை. ஜப்பானில் இன்று நிற்கும் கட்டடங்களில் இந்த இரட்டைக் கூரை இருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். மேலே மறைந்திருக்கும் கூரைக்கு நோயானே என்று பெயர். நான் பதினொரு வருடமாக நாரா மாவட்டத்தில் இருக்கிறேன். ஹோர்யூஜிக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கு இல்லை, ஆனாலும் அந்த மண்டபத்தின் முன் நிற்கும்போது தலைக்கு மேல் இன்னொரு கூரை ஒளிந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடவே படாது.

காரணம் மழை. கொரியா, சீனா வழியாகக் கோயில் கட்டும் முறை வந்தபோது கூரை ஒன்றுதான். உள்ளே தெரியும் கைமரமே ஓட்டையும் சுமக்கும். ஆனால் இங்கே ஜூன், ஜூலையில் விடாத மழை, அது ஓய்ந்தால் புயல். சரிவு குறைவான கூரையில் தண்ணீர் தேங்கி ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். சரி, சரிவைக் கூட்டலாம் என்றால் இறவாணம் கீழே இறங்கி வந்து வாசலை மறைத்துவிடும். கோபாலன் சார் கணக்குப் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

ஆக, இரண்டையும் பிரித்துவிட்டார்கள். மழைக்கு மேல்கூரை. கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் கீழ்க்கூரை. ஜப்பானியக் கூரை என்றவுடன் எல்லோரும் வளைவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நடு வெற்றிடம்தான் இவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வளைவு கடல் தாண்டி வந்தது.

கோபாலன் | புதன், காலை 6:05

நாராவாசி கேட்ட கணக்கு இதோ. இறவாணம் சுவரிலிருந்து 3 மீட்டர் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு 30 பாகை என்றால் அதன் நுனி 1.7 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும். 15 பாகை என்றால் 80 சென்டிமீட்டர்தான். ஒரு ஆள் உயரத்தில் பாதி வித்தியாசம். இருட்டு மண்டபமா, வெளிச்ச மண்டபமா என்பதை அதுவே முடிவு செய்துவிடும்.

மாறன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முப்பத்து நாலு வருடம் பொதுப்பணித்துறையில் கட்டமைப்பு வேலை பார்த்தவன், ஆகவே இது எனக்குப் பிடித்த கேள்வி. நோயானே வந்த பிறகு தச்சர்களுக்கு அந்த வெற்றிடத்தில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. உங்கள் மண்டபத்துக்குப் பிந்தைய காலத்துக் கோயில்களின் வெட்டுப்படத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு கூரைக்கும் நடுவில் சீவாத, வளைந்த, பருத்த மரம் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். ஹனேகி என்பார்கள். ஒரு முனை இறவாணத்தை நோக்கி வெளியே நீளும். தூண் வரிசைக்கு மேலே அது ஒரு கட்டையில் உட்காரும். வால் பகுதி உள்ளே போகும், அந்த வாலின்மேல் முகட்டுப் பக்கத்துக் கூரையின் பாரம் சின்னத் தூண்கள் வழியாக இறங்கும்.

இப்போது கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கால், ஒரு முனையில் கல், மறுமுனையில் சால். உள்ளே இருக்கும் கூரைப் பாரம்தான் கல். வெளியே தொங்கும் இறவாணம்தான் சால். கூரையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஓட்டின் பாரம் தொல்லை என்று நாம் நினைப்போம். அங்கே அந்தப் பாரம் இல்லாவிட்டால் இறவாணம் தொங்கிப்போகும்.

மாறன் | புதன், மதியம் 1:20

கோபாலன் சார், ஏற்றம் என்று நீங்கள் சொன்னவுடன் படம் கண்ணில் ஓடிவிட்டது. எங்கள் தாத்தா தோட்டத்தில் கல் கட்டிய துலா இன்னும் நிற்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். அப்படியானால் இறவாணத்துக்கு அடியில் அவ்வளவு அழகாக வரிசை பிடித்திருக்கும் கைமரங்கள் எதையும் தாங்கவில்லையா? வெறும் அலங்காரமா? கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது சார்.

நாராவாசி | புதன், மாலை 6:48

வருத்தப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒரு சந்தோஷச் செய்தி. கிணற்று ஏற்றத்துக்கு ஜப்பானிய மொழியில் ஹனெத்சுருபே என்று பெயர். ஹனேகியிலும் அதே ஹனே. துள்ளி எழுவது என்ற பொருள். கோபாலன் சார் இங்கே உட்கார்ந்து சொன்ன உவமை அந்தத் தச்சர்கள் வைத்த பெயரிலேயே இருக்கிறது.

கீழே தெரியும் கைமரங்கள் பல கோயில்களில் மேலே இருக்கும் ஹனேகியிலிருந்து தொங்குகின்றன என்பது உண்மைதான். தாங்குவதுபோல் நிற்பது தொங்குகிறது. அதை ஏமாற்று என்று நான் நினைக்க மாட்டேன். ஹனேகிக்குக் கோணல் மரம் போதும், சொல்லப்போனால் கோணல்தான் வேண்டும், இறவாணத்தின் வளைவுக்கு அது தோதாக இருக்கும். முரட்டு மரம் மறைவில் பாரம் சுமப்பதால் வெளியே இருப்பவை மெலிதாக, நேராக, சீரான இடைவெளியில் இருக்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரட்டைக் கூரை வருவதற்கு முந்தைய கோயில்களைப் பார்த்தால் இந்த முறை இவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று புரியும். நாராவில் தோஷோதாய்ஜி இருக்கிறது. சீனத் துறவி கன்ஜின் 759-இல் நிறுவியது. அதன் தங்க மண்டபத்து மரங்களின் ஆண்டு வளையங்களை ஆய்வு செய்தபோது அந்த மரங்கள் 781-இல் வெட்டியவை என்று தெரிந்தது. இன்று நாம் வியந்து பார்க்கும் அந்தக் கம்பீரமான உயர்ந்த கூரை 8-ஆம் நூற்றாண்டுடையது அல்ல. முதலில் இருந்தது தாழ்ந்த கூரை. 1690-களில் பழுதுபார்த்தபோது உயர்த்தினார்கள். மேய்ஜி காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதே கூரைக்குள் மேல்நாட்டு முறையில் முக்கோணச் சட்டகம் வைத்தார்கள். 2000-இலிருந்து 2009 வரை முழுவதும் பிரித்து மறுபடி கோத்தார்கள். பழைய கோயில் என்று நாம் சொல்வது ஆயிரத்து இருநூறு வருடமாக ஒவ்வொரு தலைமுறையும் ஏறி இறங்கிய கூரையை.

தோதாய்ஜியின் பெரிய புத்தர் மண்டபமும் அப்படித்தான். 1709-இல் முடித்த கட்டடம், அகலம் 57 மீட்டர். பாரம் தாங்காமல் கூரை அமிழ ஆரம்பித்ததால் 1900-களின் தொடக்கத்தில் நடந்த பழுதுபார்ப்பில் இரும்புச் சட்டகத்தை உள்ளே நுழைத்தார்கள். கீழே நிற்கும் யாருக்கும் தெரியாது.

தச்சன்மகள் | புதன், இரவு 9:30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா மரவேலை. கூரைக்குக் கைமரம் ஏற்றும் அன்று அவர் யாரோடும் பேச மாட்டார், அவ்வளவு கவனம். அதனால் இந்தப் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது.

எல்லோரும் ஓட்டைப் பற்றியே சொல்கிறீர்கள். மரப்பட்டையால் வேய்ந்த கூரைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். உயிரோடு நிற்கும் மரத்திலிருந்து பட்டையை உரிக்கிறார்களாமே. மரம் செத்துப் போகாதா?

செல்வி, கிஃபு | வியாழன், காலை 7:15

சாகாது அக்கா. நானும் முதலில் அப்படித்தான் பயந்தேன்.

ஹினோகி என்ற மரம். அதன் பட்டையால் வேய்வதற்கு ஹிவாடா வேய்ச்சல் என்று பெயர். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய மரத்தில்தான் கை வைப்பார்கள். உரிப்பவருக்குத் தனிப் பெயரே உண்டு, மொதொகவாஷி. இடுப்பிலும் மரத்திலும் கயிறு சுற்றி ஏறுவார். கையில் மரத்தாலான தட்டையான கரண்டி மாதிரி ஒன்று. அதை வெளிப்பட்டைக்குள் செருகிக் கீழிருந்து மேலே கிளப்பிக்கொண்டே போவார். உள்ளே இருக்கும் மெல்லிய உயிர்ப்பட்டையில் கீறல் விழக்கூடாது. மரம் நீர் ஏறி வளரும் மாதங்களில் தொடவே மாட்டார்கள். உரித்த மரம் செம்மண் நிறத்தில் வழவழவென்று நிற்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். எட்டுப் பத்து வருடத்தில் பட்டை திரும்ப வளர்ந்துவிடும். முதல் முறை உரிப்பது தரம் குறைவு. இரண்டாவது முறை வருவதுதான் இறுக்கமான நல்ல பட்டை. அதாவது இன்று உரிப்பவர் பத்து வருடம் கழித்து வரப்போகிறவருக்காகவும் உரிக்கிறார்.

அந்தப் பட்டையை அளவாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறக்குறைய ஒரு விரல் அகலம் மட்டும் தெரியும்படி அடுக்கி, மூங்கில் ஆணியால் அடிப்பார்கள். இரும்பு ஆணி இல்லை. ஒரு முறை பழுது வேலை நடந்த கோயிலில் ஏற்பாடு செய்திருந்த பார்வை நாளில் அருகே போய்ப் பார்த்தேன். வேலைக்காரர் கைநிறைய மூங்கில் ஆணியை வாயில் போட்டுக்கொண்டார். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டு வருகிறார், விரல் எடுக்கிறது, சுத்தியல் தட்டுகிறது. பேச்சே இல்லை, டக் டக் என்று மழை தொடங்குகிற மாதிரி சத்தம். ஒரு கை பட்டையைப் பிடித்திருக்க வேண்டும், ஆகவே ஆணிப்பெட்டி வாய்தான்.

இப்படி வேய்ந்த கூரை முப்பது, நாற்பது வருடம் தாங்கும். இசுமோ பெரிய கோயிலுக்கு 2013-இல் முடிந்த வேலையில் ஆறு லட்சத்துக்கும் மேல் பட்டைகள் போனதாகச் சொல்வார்கள். கியோத்தோவின் கியோமிசுதேரா முதன்மை மண்டபமும் பட்டைக் கூரைதான், 2020-இல் புதிதாக வேய்ந்து முடித்தார்கள். கிங்காகுஜி, அதுதான் தங்கத் தகடு போர்த்திய மண்டபம், அதன் கூரை மெல்லிய மரச்சில்லு. அதற்கு கொகெரா என்று பெயர்.

ஓட்டை வளைக்க முடியாது, பட்டையை வளைக்கலாம். அதனால்தான் பட்டைக் கூரையின் விளிம்பு ஒரு துணி மடிப்பு மாதிரி திரும்பிப் போகும். ஓட்டுக் கூரையில் அந்த மென்மை வராது.

தச்சன்மகள் | வியாழன், காலை 8:02

செல்வி, வாயில் ஆணி என்று படித்தவுடன் கண் கலங்கிவிட்டது. அப்பாவும் அப்படித்தான் வைத்துக்கொள்வார், அம்மா திட்டிக்கொண்டே இருப்பார்.

நீங்கள் கிஃபுவில் இருக்கிறீர்கள் என்றால் ஷிரகாவா-கோ பக்கம்தானே? அந்தப் புல்கூரை வீடுகளைப் பற்றியும் சொல்லுங்களேன்.

செல்வி, கிஃபு | வியாழன், இரவு 11:10

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்தேன், அதனால் தாமதம்.

ஆமாம் அக்கா, ஷிரகாவா-கோ காரில் போகிற தூரம்தான். அந்த வீட்டு முறைக்கு கஸ்ஷோ என்று பெயர், கும்பிட்ட கைகள் என்று பொருள். கூரை ஏறக்குறைய 60 பாகை நிமிர்ந்து நிற்கும். அங்கே பனி ஆள் உயரத்துக்கு மேல் விழும். பனி தானாகச் சறுக்க வேண்டும் என்றால் அந்தச் சரிவு வேண்டும். அங்கே ஒகிமாச்சி என்ற ஊரில் வீடுகள் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. கூரையின் இரண்டு பக்கமும் கிழக்கும் மேற்குமாக அமைவதால் காலை வெயிலும் மாலை வெயிலும் மாறி மாறிப் பட்டு பனியும் உருகும், புல்லும் உலரும். கூரைக்கு அடியில் இரண்டு மூன்று தளம். அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வீட்டை இரண்டு பேர் கட்டுகிறார்கள் என்பது. கீழே தூண், உத்திரம் எல்லாம் கைதேர்ந்த தச்சர் வேலை. கூரை ஊர்க்காரர்கள் வேலை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கூரையின் பெரிய சாய்மரங்களின் அடி முனையைப் பென்சில் மாதிரி சீவி, உத்திரத்தின் ஓரத்தில் உள்ள குழியில் உட்கார வைப்பார்கள். ஆணியோ பூட்டோ கிடையாது. காற்றிலும் நிலநடுக்கத்திலும் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மற்றதெல்லாம் கட்டுதான். வைக்கோல் கயிறு, அப்புறம் நேசோ என்று ஒரு இளமரக் கொம்பு. பச்சையாக இருக்கும்போது முறுக்கிக் கட்டுவார்கள், காய்ந்ததும் தானே இறுகிவிடும்.

புல் மாற்றும் நாளுக்கு ஊரே வரும். யுயி என்பார்கள். இன்று என் வீட்டுக்கு நீ, நாளை உன் வீட்டுக்கு நான். ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்து முடிக்க நூறு, இருநூறு பேர் வேண்டும். நாங்கள் ஒரு வருடம் வசந்தத்தில் போய்ப் பார்த்தோம். கூரையின்மேல் வரிசை வரிசையாக ஆட்கள், வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். வெளியே இருப்பவர் பெரிய மர ஊசியில் கயிற்றைக் கோத்துப் புல் வழியாக உள்ளே குத்துவார். உள்ளே இருப்பவர் அதைச் சட்டத்தைச் சுற்றித் திரும்பக் கொடுப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான். கீழே பெண்கள் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது.

அடுப்புப் புகையும் கூரைக்கு மருந்து. வீட்டு நடுவில் இரோரி என்று குழியடுப்பு எரியும். அந்தப் புகை ஏறி ஏறிப் புல்லையும் கயிற்றையும் கருப்பாக்கி, பூச்சி வராமல் வைத்திருக்கும். ஆள் குடியிருந்து அடுப்பெரிகிற வீட்டின் கூரை நாள்பட இருக்கும். பூட்டிப் போட்ட வீட்டின் கூரைதான் முதலில் மக்கும்.

1995-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பிறகு ஊரில் கூட்டம் தாங்கவில்லை. தீப் பயமும் அதிகம், எல்லாம் புல்லாயிற்றே. வருடத்துக்கு ஒரு முறை தீயணைப்பு ஒத்திகை நடக்கும், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் பீச்சுவார்கள்.

கடல்நாடன் | வெள்ளி, காலை 10:33

அழகு, கைவேலை எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. 1995 ஜனவரி 17 காலை கோபேயில் நிலநடுக்கம் வந்தபோது ஆறாயிரத்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்திலேயே பழைய மரவீடுகளுக்கு அடியில் நசுங்கினார்கள். அந்த வீடுகளின் தலையில் இருந்தது என்ன? மண் குழைத்துப் போட்டு அதன்மேல் பதித்த கனமான ஓடு. என் நெருங்கிய நண்பரின் குடும்பம் அப்போது அங்கே இருந்தது, அதனால் எனக்கு இது புத்தக விஷயம் இல்லை. உச்சியில் டன் கணக்கில் பாரம் வைத்துக்கொண்டு அதைப் பண்பாடு என்று போற்றுவது எனக்கு உறுத்துகிறது.

கோபாலன் | வெள்ளி, மதியம் 12:15

கடல்நாடன், நீங்கள் சொல்வதில் உள்ள வலியை முழுக்க ஏற்கிறேன். கட்டமைப்பு ஆளாக ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

மண் இல்லாமல் வரிச்சில் மாட்டிய ஓட்டுக்கூரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. மண் போட்டுப் பதித்தால் அதில் இரட்டிப்புக்கு அருகில் போகும். தகரம் போட்டால் 5 கிலோவை ஒட்டி. உச்சியில் பாரம் கூடினால் நிலநடுக்கத்தில் பக்கவாட்டு விசை கூடும், அதில் மறு பேச்சே இல்லை.

ஆனால் அந்த விசையைத் தரைக்குக் கொண்டு போக வேண்டியது சுவர். கோபேயில் விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை 1981-இல் விதி கடுமையாவதற்கு முன் கட்டியவை. தெருப் பக்கம் முழுக்கத் திறப்பு, குறுக்குச் சட்டம் உள்ள சுவர் போதாது, தூணின் அடி கரையானிலும் ஈரத்திலும் மக்கிப்போயிருந்தது. 1981 விதியில் கனமான கூரைக்குத் தனிக் கணக்கே இருந்தது. ஒரு தள வீட்டுக்குத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இலேசான கூரை என்றால் 11 சென்டிமீட்டர் நீளச் சுவர், ஓடு என்றால் 15 சென்டிமீட்டர். ஓடு வைத்துக்கொள், அதற்குத் தக்க சுவர் வை என்பதுதான் விதி. மண் பதித்த ஓடு, சுவரில்லாத வீடு, மக்கிய தூண், இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்ததுதான் கொடுமை.

ஓட்டின்மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டாமல் வைத்த ஓடு பறக்கும், விழும். 2019 செப்டம்பரில் சிபா பக்கம் அடித்த புயலில் எவ்வளவு கூரைகள் பிய்ந்தன என்று படம் பார்த்திருப்பீர்கள், ஊரெல்லாம் நீலத் தார்ப்பாய். அதற்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2022 ஜனவரி முதல் புது வீட்டில் ஒவ்வொரு ஓட்டையும் ஆணியோ திருகோ போட்டுக் கட்ட வேண்டும். அதற்கு முன் விளிம்பிலும் முகட்டிலும் கட்டினால் போதும் என்றிருந்தது.

நாராவாசி | வெள்ளி, இரவு 8:20

கடல்நாடன் எழுதியதைப் படித்ததும் என் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது எண்பது வருடத்துப் பழைய வீடு, மண் பதித்த ஓடு. போன வருடம் ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது ஒருவர் வந்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் கூரை வேலை பார்க்கிறாராம், அங்கிருந்து பார்த்தால் எங்கள் முகட்டு ஓடு தூக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறதாம், இலவசமாக ஏறிப் பார்த்துச் சொல்கிறாராம். மனைவி சரி என்று விட்டுவிட்டாள். இறங்கி வந்தவர் மூன்று உடைந்த ஓடுகளைக் கைபேசியில் படம் காட்டி, அடுத்த நிலநடுக்கத்தில் வீடே போய்விடும், முழுக்கூரையையும் பிரித்துத் தகரம் போட வேண்டும், இன்றே கையெழுத்து என்றால் விலை குறையும் என்றிருக்கிறார். அவள் நடுங்கிப்போய் எனக்குப் போன் செய்தாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி உள்ளூர் கவாராயா-சானை, அதாவது ஓட்டு வேலைக்காரரை, கூப்பிடச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர். ஏறிப் பார்த்துவிட்டு உடைந்த சில்லு ஒன்றைக் கையில் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓட்டின் மேல்முகம் முழுக்க எண்பது வருடத்து அழுக்கு, ஓரத்தில் பச்சைப் பாசி. உடைந்த முகம் மட்டும் சுத்தமாக, வெளிர் சாம்பல் நிறத்தில், விரலில் தூள் ஒட்டுகிற அளவுக்குப் புதிதாக இருந்தது. "இது இந்த வாரம் உடைந்தது" என்றார். அதற்குமேல் அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இறவாணத்துக்கு அடியில் பழைய சொந்தக்காரர் இருபது முப்பது ஓடுகளை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏதோ கழிவு என்று நினைத்து நான் தொடாமல் விட்டிருந்தேன். அதிலிருந்து மூன்றை எடுத்து அவர் மாற்றினார், அரை மணி நேர வேலை.

அப்புறம் அவரே சொன்னார், கோபாலன் சார் சொன்னதைத்தான். முதலில் ஊராட்சியில் விண்ணப்பித்து வீட்டின் நிலநடுக்கத் தாங்குதிறனைச் சோதித்துக்கொள், சுவரைப் பலப்படுத்து. மண்ணை ஒரு நாள் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் வரிச்சு அடித்து ஓட்டை ஒவ்வொன்றாகத் திருகலாம், பாரம் பாதியாகும். தகரம் வேண்டுமென்றால் அதுவும் தவறில்லை, ஆனால் பயத்தில் முடிவு செய்யாதே. சோதனை முடிந்தது. சுவர் வேலை இந்த இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது.

கடல்நாடன் | சனி, காலை 9:05

நாராவாசி, உங்கள் மனைவி பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி. பயத்தை விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கோபாலன் ஐயா சொன்ன சுவர்க் கணக்கை ஏற்கிறேன். இருந்தாலும் மண் பதித்த கூரையோடு இன்னும் நிற்கும் வீடுகளைப் பற்றிய என் கவலை குறையவில்லை. அங்கே பெரும்பாலும் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், சுவர் வேலைக்குப் பணம் இல்லை. கோயிலுக்கு மூங்கில் ஆணி அடிக்க ஆள் கிடைக்கிற நாட்டில் அவர்களுக்கும் யுயி மாதிரி யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு கேள்வி. ஓடு இவ்வளவு தொல்லை என்றால் சாதாரண மக்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது?

நாராவாசி | சனி, மாலை 4:50

தீதான் காரணம். எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், வீடெல்லாம் மரம், கூரையும் புல்லும் மரச்சில்லும். 1657-இல் பெருந்தீ வந்து நகரின் பெரும்பகுதி போயிற்று. ஓடு போடச் சொல்வதற்குப் பதில், விழும் ஓடு ஆளை அடிக்கிறது என்று முதலில் தடைதான் போட்டார்கள். 1720-இல் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், யோஷிமுனே காலத்தில்தான் தடை நீங்கி, ஓடு போடும்படி ஊக்கம் கொடுத்தார்கள்.

நடுவில் ஓடே மாறியிருந்தது. கோயில் ஓடு இரண்டு வகை சேர்ந்தது. குழிந்த ஓட்டை வரிசையாக வைத்து, சேரும் இடத்தை அரைவட்ட ஓட்டால் மூடுவார்கள். பாரம் அதிகம். 1674-இல் ஓமி நாட்டு மீதேரா கோயிலுக்கு ஓடு செய்துவந்த நிஷிமுரா ஹன்பேய் என்பவர் இரண்டையும் ஒரே ஓடாக்கி, அலை மாதிரி வளைத்தார் என்று சொல்வார்கள். இன்று ஜப்பானிய வீடுகளில் நாம் பார்க்கும் அலை ஓடு அதிலிருந்து வந்ததுதான். இலேசானது, மலிவானது, சாதாரண வீட்டுக்கு ஏறியது.

ஓட்டின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நாரா நகரில் கங்கோஜி கோயிலுக்குப் போக வேண்டும். 588-இல் கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து ஓடு செய்யத் தெரிந்த நான்கு பேர் வந்தார்கள் என்று பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. அசுகாதேரா என்ற கோயிலுக்காக வந்தார்கள். 718-இல் அந்தக் கோயில் நாராவுக்கு மாறி கங்கோஜி ஆனபோது ஓடுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவற்றில் சில இன்னும் கூரையில் இருக்கின்றன. அருங்காட்சியகப் பெட்டிக்குள் அல்ல, மழை நனையும் கூரையில்.

மண்டபத்தின் பின்பக்கம் சுற்றிப் போய் நிற்க வேண்டும். மற்றக் கூரைகள் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். இங்கே மட்டும் ஒரு ஓடு செங்காவி, அடுத்தது கருப்பு, அடுத்தது வெளிர் பழுப்பு, திட்டுத் திட்டாக. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு சூளையில் வெந்தது. உடைந்ததை மாற்றி, உடையாததை விட்டு வைத்து, இப்படியே ஆயிரத்து நானூறு வருடம். போன மாதம் மழையில் போனேன். எல்லா நிறத்தின் மேலும் தண்ணீர் ஒன்றுபோல் ஓடி இறவாண நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் குடையோடு நின்றேன்.

தச்சன்மகள் | சனி, இரவு 10:12

அண்ணா, அந்த உங்கள் பின்கட்டு ஓட்டு அடுக்கை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அப்பா எந்த வீட்டு வேலை முடித்தாலும் பத்து ஓடு மீதி வைத்துவிட்டுத்தான் வருவார். வீட்டுக்காரர் கேட்டால், அது உங்களுக்கு இல்லை, உங்கள் பேரனுக்கு என்பார்.

மாறன் | ஞாயிறு, மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. வெட்டுப்படத்தை மறுபடி முதலிலிருந்து வரைந்துவிட்டேன். இந்த முறை மேல்கூரையை முதலில் வரைந்து, அப்புறம் வெற்றிடம், கடைசியில் கீழ்க் கைமரங்கள். அந்த வரிசையில் போனால் கை தடுமாறவே இல்லை.

என் மண்டபத்தில் இல்லாவிட்டாலும் ஹனேகியைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன மாதிரி செய்தேன். ஐஸ் குச்சிகள், நூல், ஒரு அழிரப்பர் துண்டு. குச்சியின் நடுவில் முட்டுக் கொடுத்து, வெளிமுனையில் நூல் கட்டி, கீழே மெல்லிய குச்சிகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். பாரம் வைக்காதபோது எல்லாம் சரிந்து மேசையைத் தொட்டது. அழிரப்பரை உள்முனையில் வைத்தேன். இறவாணம் மெதுவாக எழுந்து நின்றது. அறைத் தோழன் மூன்று முறை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான்.

நாளை தாத்தா வீட்டுக்குப் போகிறேன். துலாவை அளந்து, கால் எங்கே நிற்கிறது, கல் எவ்வளவு எடை என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுகிறேன். கோபாலன் சார், கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.